இரண்டாவது வாக்கு: பூனாவும் மிசிசிப்பியும்



அமெரிக்காவின் தென்மாநிலமான மிசிசிப்பியில் 2014 ஜூன் 24ஆம் தேதி ஒரு தேர்தல் நடந்தது. குடியரசுக் கட்சி தன்னுடைய செனட் வேட்பாளர் யார் என்று முடிவுசெய்ய நடத்திய தேர்தல் அது. அந்த மாநிலத்துக் கறுப்பின மக்கள் குடியரசுக் கட்சிக்கு வாக்களிப்பது அபூர்வம். ஆனால் அன்றைக்குத் தலைநகர் ஜாக்சனில் கறுப்பின மக்கள் வாழும் வட்டாரங்களில், அந்தக் கட்சியின் வாக்குப்பெட்டி இருக்கும் திசையில்கூட அதுவரை எட்டிப் பார்க்காதவர்கள் வந்து வரிசையில் நின்றார்கள். நவம்பரில் அந்தக் கட்சிக்கு எதிராக வாக்களிக்கப் போகிறவர்கள், ஜூனில் அந்தக் கட்சியின் வேட்பாளர் யார் என்பதைத் தீர்மானித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

இதைத் தேர்தல் தந்திரம் என்று சிலர் பாராட்டினார்கள், திருட்டு வாக்கு என்று சிலர் வசைபாடினார்கள். நமக்கு இரண்டுமே போதாது. அடுத்தவன் வீட்டுக்குள் நடக்கும் தேர்வில் ஒடுக்கப்பட்டவர் போய்க் கைவைக்கலாமா, வைத்தால் என்ன கிடைக்கும், என்ன கைவிட்டுப் போகும் என்ற கேள்வி நமக்கும் பழைய கேள்வி. அதைக் கேட்பதற்கான முழு உரிமையும் நமக்கு உண்டு. ஏனென்றால் இந்த நாட்டில் அமெரிக்கர்கள் 'பிரைமரி' என்று சொல்லும் முதல்நிலைத் தேர்தல் சட்டப்படி நடத்தப்பட்டது தாழ்த்தப்பட்ட மக்களுக்குத்தான். அதில் நாம் பட்டதும் நமக்குத்தான் தெரியும்.

முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறோம். மாணவர்களில் பலர் பூனா ஒப்பந்தம் என்றால் காந்தியின் உண்ணாவிரதம், 148 இடங்கள், அதோடு முடிந்தது என்று படித்திருப்பீர்கள். பாடப்புத்தகம் அதற்கு மேல் சொல்வதில்லை.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்ட் அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு, தாழ்த்தப்பட்டோருக்கு மாகாணச் சட்டசபைகளில் 71 தனி இடங்களை வழங்கியது. அந்த 71 இடங்களிலும் தாழ்த்தப்பட்ட மக்கள் மட்டுமே வாக்களிப்பார்கள். அதே மக்களுக்குப் பொதுத் தொகுதியிலும் இன்னொரு வாக்கு உண்டு. இதைத்தான் இரட்டை வாக்குரிமை என்கிறோம். முதல் வாக்கு நம் ஆளை நாமே தேர்ந்தெடுக்க. இரண்டாவது வாக்கு எதற்கு? சாதி இந்து வேட்பாளர் எவரெவர் நிற்கிறார்களோ அவர்களுக்குள் யார் வரவேண்டும் என்பதில் நம் கையும் இருக்க. அம்பேத்கர் பின்னாளில் காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதாருக்குச் செய்ததைப் பற்றி எழுதிய நூலில், பூனா ஒப்பந்தத்தால் நாம் இழந்தவற்றில் விலைமதிப்பற்றது இந்த இரண்டாவது வாக்குதான் என்று கருத்துச் சொல்கிறார். இடங்களின் எண்ணிக்கை கூடியது, அந்த ஆயுதம் போனது என்பது அவருடைய கணக்கு. பொதுத் தொகுதியில் நிற்கும் சாதி இந்து, தன் ஊர்ச் சேரியின் வாக்கு இல்லாமல் ஜெயிக்க முடியாது என்ற நிலை வந்திருந்தால் அவன் சேரியை எப்படிப் பார்த்திருப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

1932 செப்டம்பர் 24 அன்று எரவாடா சிறையில் கையெழுத்தான ஒப்பந்தம் 71ஐ 148 ஆக்கியது. சென்னை மாகாணத்துக்கு 18 இருந்தது 30 ஆனது. நம் பக்கத்திலிருந்து ரெட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் அதில் கையெழுத்திட்டவர்கள். ஒப்பந்தத்தின் இரண்டாவது பிரிவில்தான் முதல்நிலைத் தேர்தல் வருகிறது. தனித்தொகுதியில் உள்ள தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் முதலில் வாக்களித்து நான்கு பேர் கொண்ட ஒரு பட்டியலைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆளுக்கு ஒரு வாக்குதான். அந்த நால்வரும் பிறகு பொதுத்தேர்தலில் நிற்பார்கள். அதில் எல்லாச் சாதியினரும் வாக்களிப்பார்கள்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. வலை எங்கே இருக்கிறது என்றால் நான்கு என்ற எண்ணில் இருக்கிறது. நம் மக்களில் பத்தில் எட்டுப் பேர் ஒருவருக்கு வாக்களித்து அவரை முதலிடத்தில் நிறுத்தியிருக்கலாம். காங்கிரசின் ஆள் நான்காவது இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும். இரண்டாம் சுற்றில் சாதி இந்துக்களின் வாக்கு மொத்தமும் அந்த நான்காவது ஆளுக்கு விழும். முதலில் வந்தவர் வீட்டுக்குப் போவார், நான்காவதாக வந்தவர் நம் பிரதிநிதியாகச் சட்டசபைக்குப் போவார். நால்வருக்கு மேல் வேட்பாளர்கள் இல்லாத இடத்தில் முதல் சுற்றே நடக்காது. நடந்த இடத்தில் வேட்பாளர் இரண்டு தேர்தலுக்குச் செலவு செய்யவேண்டும். யாரிடம் காசு இருந்தது? 1937இலும் 1946இலும் இந்த முறை நடைமுறையில் இருந்தது. 1946இல் முதல் சுற்றில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் வேட்பாளர்கள் தலைமை இடத்தில் வந்தும் இறுதிச் சுற்றில் தோற்கடிக்கப்பட்டதைத்தான் அம்பேத்கர் இந்தியா வந்த அமைச்சரவைத் தூதுக்குழுவின் முன்னால் வைத்தார். அந்த ஆண்டு ஜூலை 15 அன்று கூட்டமைப்பு பூனாவில் சத்தியாகிரகத்தைத் தொடங்கியது.

அந்த ஜூலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே மாதத்தில் உலகத்தின் மறுகோடியிலும் ஒரு முதல்நிலைத் தேர்தல் நடந்தது.

அமெரிக்கக் கதைக்கு வருவோம். உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் மிசிசிப்பியில் பெரும் எண்ணிக்கையில் வாக்களித்தார்கள். 1870இல் ஹைரம் ரெவல்ஸ் அமெரிக்க செனட்டின் முதல் கறுப்பின உறுப்பினர் ஆனார். அவர் அனுப்பப்பட்டது மிசிசிப்பியிலிருந்து. பிளான்ச் புரூஸ் 1875 முதல் 1881 வரை செனட்டில் முழுப் பதவிக்காலமும் இருந்தார், அவரும் மிசிசிப்பிதான். 1875இல் துப்பாக்கியும் சவுக்கும் கொண்டு அந்த ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1890இல் எழுதப்பட்ட மாநில அரசியல் சட்டம் தலைவரி, எழுத்தறிவுச் சோதனை, சட்டப்பிரிவைப் படித்துப் பொருள் சொல்லவேண்டும் என்ற நிபந்தனை ஆகியவற்றால் மிச்சத்தை முடித்தது. பொருள் சரியா என்று முடிவுசெய்பவர் வெள்ளை அலுவலர். நம் ஊரில் குளத்தில் தண்ணீர் எடுக்க யாருக்கு உரிமை என்பதை முடிவுசெய்பவர் யாராக இருந்தாரோ, அதே மாதிரியான ஆள்.

அதற்குப் பிறகு தெற்கில் ஒரே கட்சிதான், ஜனநாயகக் கட்சி. அன்றைய தெற்கத்தி ஜனநாயகக் கட்சி வெள்ளையர் மேலாண்மையின் கட்சி. இன்று அந்தப் பெயருக்கு நாம் கொள்ளும் பொருளை மறந்துவிட்டுக் கேளுங்கள். எதிர்க்கட்சியே இல்லாத ஊரில் நவம்பர் பொதுத்தேர்தல் வெறும் சடங்கு. உண்மையான தேர்தல் கட்சிக்குள் நடக்கும் பிரைமரிதான். ஆகவே பிரைமரியை வெள்ளையருக்கு மட்டும் என்று அடைத்துவிட்டால் மற்ற எந்தச் சட்டமும் தேவையில்லை. இதற்கு 'வெள்ளை பிரைமரி' என்று பெயர்.

இங்கே சற்று நின்று இரண்டு ஏற்பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே முடிவு முதல் சுற்றில் எடுக்கப்பட்டது, கறுப்பினத்தவர் இரண்டாம் சுற்றுக்குத் தள்ளப்பட்டார்கள். இங்கே முடிவு இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டது, நாம் முதல் சுற்றுக்குள் அடைக்கப்பட்டோம். எந்தச் சுற்றுக்குப் பொருள் இல்லையோ அந்தச் சுற்று ஒடுக்கப்பட்டவருக்கு. வெள்ளையர் நம் நாட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை, சாதி இந்துக்கள் அங்கே போய்ப் படித்துவரவும் இல்லை. ஆதிக்கத்துக்கு இதற்கெல்லாம் ஆசிரியர் தேவைப்படுவதில்லை.

வெள்ளை பிரைமரியை உடைத்த சண்டை டெக்சாஸ் மாநிலத்தில் நடந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம், காரணம் அதில் வழக்கு நடத்தும் பொறுமை என்றால் என்ன என்று தெரியும். 1923இல் அந்த மாநிலம் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் நீக்ரோக்கள் வாக்களிக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சட்டம் போட்டது. எல் பாசோ நகரத்தில் லாரன்ஸ் நிக்சன் என்று ஒரு கறுப்பின மருத்துவர். 1924 ஜூலையில் தலைவரி கட்டிய ரசீதோடு வாக்குச்சாவடிக்குப் போனார். மறுத்தார்கள். வழக்குப் போட்டார். 1927இல் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. டெக்சாஸ் என்ன செய்தது? சட்டத்தில் இருந்த 'நீக்ரோ' என்ற சொல்லை எடுத்துவிட்டு, யார் வாக்களிக்கலாம் என்பதைக் கட்சியின் செயற்குழுவே தீர்மானிக்கலாம் என்று மாற்றியது. செயற்குழு வெள்ளையர் மட்டும் என்றது. நிக்சன் மறுபடியும் வழக்குப் போட்டார். 1932 மே மாதம், பூனா ஒப்பந்தத்துக்கு நான்கு மாதம் முன்பு, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மறுபடியும் ஜெயித்தார். உடனே கட்சி மாநாடு கூடி, அரசின் சட்டம் எதுவும் இல்லாமல், தானாகவே வெள்ளையர் மட்டும் என்று தீர்மானம் போட்டது. 1935இல் அந்தத் தீர்மானத்தை உச்சநீதிமன்றம் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. கட்சி ஒரு தனியார் சங்கம், அது யாரைச் சேர்த்தால் அரசுக்கு என்ன என்பது வாதம். கோயில் தனியார் சொத்து, கிணறு தனியார் சொத்து என்று கேட்டுப் பழகிய காதுகளுக்கு இந்த வாதம் புதிதாக இருக்காது.

பிறகு ஹூஸ்டன் நகரத்துப் பல்மருத்துவர் லோனி ஸ்மித்தின் வழக்கு. நடத்தியவர் தர்குட் மார்ஷல், கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் வழக்கறிஞர், பின்னாளில் உச்சநீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. 1944 ஏப்ரல் 3 அன்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வெள்ளை பிரைமரி ஒழிந்தது. ஒன்பது ஆண்டு முன் ஒருமனதாகச் சொன்னதை அதே நீதிமன்றம் திரும்பப் பெற்றது. அந்த ஜூலையில் டாக்டர் நிக்சன் தன் மனைவியோடு போய் எல் பாசோவில் வாக்களித்தார். முதல்முறை திருப்பி அனுப்பப்பட்ட நாளிலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டு.

அதோடும் முடியவில்லை. தென் கரோலினா பிரைமரி பற்றிய தன் சட்டங்கள் அத்தனையையும் ஒரே மூச்சில் ரத்து செய்து, இனி இது தனியார் விவகாரம் என்றது. டெக்சாசின் ஃபோர்ட் பெண்ட் மாவட்டத்தில் ஜேபேர்ட் சங்கம் என்று 1889 முதல் ஒரு வெள்ளையர் கிளப் இருந்தது. பிரைமரிக்கு முன்னால் தாங்களே ஒரு பிரைமரி நடத்துவார்கள். அதில் ஜெயித்தவர்தான் ஜூலைப் பிரைமரியிலும் ஜெயிப்பார், நவம்பரிலும் ஜெயிப்பார். கதவை உடைத்தால் வாசலை இன்னும் நாலடி முன்னால் நகர்த்திக் கட்டுவது. 1953இல்தான் உச்சநீதிமன்றம் அதையும் நிறுத்தியது. தென்மாநிலங்களில் வாக்காளராகப் பதிவான கறுப்பின மக்கள் 1940இல் சுமார் 3 விழுக்காடு, 1952இல் சுமார் 20 விழுக்காடு.

இப்போது 1946 ஜூலை. இரண்டாம் தேதி மிசிசிப்பியில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரி. செனட்டர் தியோடர் பில்போ மறுபடியும் நின்றார், கறுப்பினத்தவரை வாக்குச்சாவடிக்கு வரவிடாதீர்கள் என்று மேடைமேடையாகத் தூண்டிவிட்டார். டிகேட்டர் என்ற சிற்றூரில் ஐரோப்பியப் போர்முனையிலிருந்து திரும்பிய இளைஞர் ஒருவர், தன் அண்ணனோடும் நண்பர்கள் சிலரோடும் வாக்களிக்கப் போனார். அன்றைக்கு அவருக்கு 21ஆவது பிறந்தநாள். ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கும்பல் அவர்களைத் திருப்பி அனுப்பியது. ஹிட்லரின் படையோடு போரிட்டுத் திரும்பியவரால் தன் சொந்த ஊரின் வாக்குப்பெட்டியை நெருங்க முடியவில்லை. அவர் பெயர் மெட்கர் எவர்ஸ். கூடப் போன அண்ணன் பெயர் சார்லஸ் எவர்ஸ். இந்த இரண்டாவது பெயர் நம் கதையில் மறுபடி வரும்.

அதே 1946இல்தான் அம்பேத்கர் டபிள்யூ.இ.பி. டுபாய்சுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்க நீக்ரோக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அனுப்பிய மனுவின் பிரதி கிடைக்குமா, தீண்டத்தகாத மக்களும் அந்த வழியில் போக நினைக்கிறோம் என்று கேட்டார். டுபாய்ஸ் ஜூலை 31ஆம் தேதி பதில் எழுதினார். பூனாவில் சத்தியாகிரகம், டிகேட்டரில் விரட்டியடிப்பு, வங்காளத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கு அம்பேத்கர் தேர்வு, டுபாய்சின் பதில் எல்லாம் ஒரே மாதம். வரலாற்றுப் புத்தகங்கள் இவற்றைத் தனித்தனி அத்தியாயங்களில் வைத்திருக்கின்றன.

டிசம்பரில் செனட் குழு ஒன்று ஜாக்சனுக்கு வந்து விசாரித்தது. படையிலிருந்து திரும்பிய கறுப்பின இளைஞர்கள் வந்து, ஊர் திரும்பினால் என்ன நடக்கும் என்று தெரிந்தும், சாட்சி சொன்னார்கள். குழுவின் பெரும்பான்மை பில்போவிடம் குற்றம் இல்லை என்றது. 1947இல் மிசிசிப்பிச் சட்டமன்றம் ஒரு புதிய நிபந்தனையைச் சேர்த்தது. கட்சியின் கொள்கையை ஏற்பவரும் அதன் வேட்பாளரை ஆதரிக்கப் போகிறவரும்தான் பிரைமரியில் வாக்களிக்கலாம். நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வெள்ளையர் மேலாண்மையைக் கொள்கையாக வைத்திருக்கும் கட்சியின் கொள்கையை எந்தக் கறுப்பினத்தவர் ஏற்பார்? இந்தச் சட்டத்தின் மிச்சமும் கதையில் மறுபடி வரும்.

1964இல் மிசிசிப்பியில் வாக்களிக்கும் தகுதியுள்ள கறுப்பின மக்களில் பதிவு செய்திருந்தவர்கள் 6.7 விழுக்காடு. அந்த ஆண்டு ஃபேனி லூ ஹேமரும் தோழர்களும் விடுதலை ஜனநாயகக் கட்சியைக் கட்டி, அட்லாண்டிக் சிட்டி மாநாட்டுக்குப் போய், இந்த மாநிலத்தின் உண்மையான பிரதிநிதிகள் நாங்கள்தான் என்றார்கள். இரண்டு இடம் தருகிறோம் என்று சமரசம் பேசினார்கள். இவர்கள் மறுத்துத் திரும்பினார்கள். மெட்கர் எவர்ஸ் அதற்கு முந்தைய ஆண்டே, 1963 ஜூன் 12 அன்று, தன் வீட்டு வாசலில் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. இரண்டே ஆண்டில் பதிவு 60 விழுக்காட்டைத் தொட்டது. கறுப்பினத்தவர் உள்ளே வந்ததும் வெள்ளையர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக் குடியரசுக் கட்சிக்குப் போனார்கள். ஆட்கள் வீடு மாற்றினார்கள், மனம் அதேதான். எண்பதுகளுக்குப் பின் மிசிசிப்பியில் கட்சி என்பது ஏறக்குறைய நிறத்தின் மறுபெயர்.

இந்த இடத்தில் தாட் காக்ரன் வருகிறார். 1978இல் செனட் இடத்துக்கு நின்ற குடியரசுக் கட்சிக்காரர். அதே தேர்தலில் சார்லஸ் எவர்ஸ் சுயேச்சையாக நின்றார். ஜனநாயகக் கட்சி எங்கள் வாக்கை வாங்கிக்கொள்கிறது, எங்களுக்கு இடம் தருவதில்லை என்பது அவர் கோபம். எவர்ஸ் சுமார் 23 விழுக்காடு வாங்கினார், ஜனநாயகக் கட்சி வேட்பாளர் சுமார் 32, காக்ரன் 45 விழுக்காட்டோடு ஜெயித்தார். மறுசீரமைப்புக் காலத்துக்குப் பின் மிசிசிப்பியிலிருந்து செனட்டுக்குப் போன முதல் குடியரசுக் கட்சிக்காரர் அவர். 1946இல் பிரைமரியிலிருந்து விரட்டப்பட்ட ஆளின் கோபம்தான் 32 ஆண்டு கழித்து அவருக்கு வாசலைத் திறந்துவிட்டது. அவர் அதை நினைத்துப் பார்த்திருப்பாரா என்பது வேறு விஷயம்.

36 ஆண்டு கழித்து, 2014 ஜூன் 3 அன்று, அவர் தன் கட்சிக்குள்ளேயே தோற்கும் நிலைக்கு வந்தார். வலதுசாரி டீ பார்ட்டி ஆதரவு பெற்ற கிறிஸ் மெக்டேனியல் சுமார் 1,400 வாக்கு முன்னணியில் இருந்தார். யாருக்கும் 50 விழுக்காடு இல்லை என்பதால் ஜூன் 24இல் மறுசுற்று. காக்ரன் தரப்புக்கு ஒரு கணக்குப் புரிந்தது. மிசிசிப்பியில் வாக்காளர் எந்தக் கட்சி என்று பதிவு செய்வதில்லை. ஜூன் 3இல் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் வாக்களித்தவர் மட்டும் மறுசுற்றில் இந்தப் பக்கம் வரமுடியாது. அன்று வீட்டிலேயே இருந்தவர் யாராக இருந்தாலும் வரலாம். மாநில மக்களில் 37 விழுக்காட்டுக்கு மேல் கறுப்பினத்தவர். அவர்களில் பெரும்பாலோர் அன்று வாக்களிக்கவில்லை.

கறுப்பின ஆயர்கள் வழியாக, வானொலி வழியாக, வீடுவீடாக, அழைப்பு போனது. அழைத்த பணம் வெள்ளைக் குடியரசுக் கட்சித் தலைகளுடையது என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் போனவர்களை ஏமாந்தவர்கள் என்று சொல்வது மேட்டுக்குடிப் பேச்சு. நாட்டிலேயே மிக ஏழை மாநிலம் அது. கத்ரீனா புயலுக்குப் பின் நிதி ஒதுக்கீட்டுக் குழுத் தலைவராக இருந்து பணம் கொண்டுவந்தவர் காக்ரன். ஜாக்சன் ஸ்டேட், ஆல்கார்ன் போன்ற கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்கும் மருத்துவ மையங்களுக்கும் மத்திய நிதி வந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. எதிரில் நின்றவர் மத்திய அரசின் செலவை வெட்டுவேன் என்றவர். நவம்பரில் தங்கள் கட்சி இந்த மாநிலத்தில் ஜெயிக்காது என்று ஒருவருக்குத் தெரிந்தால், இரண்டு எதிரிகளில் எந்த எதிரி என்பதையாவது தீர்மானிக்கலாமே என்று அவர் நினைப்பதில் என்ன தவறு? சேரியில் தேர்தல்தோறும் செய்யும் கணக்குதான் இது.

வாக்களித்தவர் எண்ணிக்கை முதல் சுற்றில் சுமார் 3,19,000. மறுசுற்றில் சுமார் 3,82,000. மறுசுற்றில் கூட்டம் குறைவதுதான் வழக்கம். ஜாக்சன் அடங்கிய ஹிண்ட்ஸ் மாவட்டத்தில் காக்ரனுக்கு முதல் சுற்றில் சுமார் 11,000 வாக்கு, மறுசுற்றில் சுமார் 18,000. மாநிலம் முழுவதும் அவர் ஜெயித்த வித்தியாசம் 8,000க்கும் குறைவு.

தோற்றவர் தரப்பு கையில் எடுத்தது எதை என்று நினைக்கிறீர்கள்? அந்த 1947ஆம் ஆண்டு நிபந்தனையின் வாரிசைத்தான். பிரைமரியில் வாக்களிப்பவர் அந்தப் பிரைமரியில் தேர்வாகும் வேட்பாளரை ஆதரிக்கும் எண்ணம் கொண்டவராக இருக்கவேண்டும் என்ற பிரிவு மிசிசிப்பிச் சட்டத்தில் இன்னும் இருக்கிறது. ஆனால் ஜூனில் ஒருவர் மனதில் நவம்பருக்கான எண்ணம் என்ன என்று எந்த அலுவலர் பார்க்க முடியும்? மெக்டேனியல் வழக்குப் போட்டார். உரிய காலக்கெடுவுக்குள் புகார் தரவில்லை என்று கீழ்நீதிமன்றம் தள்ளியது, அக்டோபரில் மாநில உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இன்னொரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். இதே தாண்டிப்போகும் வாக்கைத் தடுக்கவேண்டும் என்று சில ஆண்டு முன்பு நீதிமன்றம் போனது மிசிசிப்பி ஜனநாயகக் கட்சி. அவர்களுடைய பிரைமரியில் வெள்ளைக் குடியரசுக் கட்சிக்காரர்கள் வந்து கைவைக்கிறார்கள் என்பது அவர்கள் புகார். அதுவும் தோற்றது.

அந்தப் புகாரை நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2002 ஆகஸ்டில் ஜார்ஜியா மாநிலத்தில், கறுப்பினப் பெண் காங்கிரஸ் உறுப்பினர் சிந்தியா மெக்கின்னி தன் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியிலேயே தோற்றார். போர் எதிர்ப்பும் கூர்மையான பேச்சும் அவருடையவை. ஜெயித்தவர் டெனிஸ் மஜெட், அவரும் கறுப்பினப் பெண்தான். குடியரசுக் கட்சி வாக்காளர்கள் பெரும் எண்ணிக்கையில் தாண்டி வந்து தோற்கடித்தார்கள் என்று மெக்கின்னியின் ஆதரவாளர்கள் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. மஜெட்டின் தகுதியைப் பற்றி நாம் பேசவில்லை. எந்தக் கறுப்பினப் பெண் கறுப்பின மக்களுக்காகப் பேசவேண்டும் என்பதில் மற்றவர்கள் வந்து கைவைக்க முடியும் என்பதைப் பற்றிப் பேசுகிறோம். பூனாவின் நான்காவது இடத்துக்காரர் ஜெயித்த கதை நினைவுக்கு வரவில்லையா? பிரைமரிக் கதவு திறந்திருந்தால் இரண்டு பக்கமும் ஆள் போகலாம். தாண்டிப் போகிறவருக்குப் பின்னால் எவ்வளவு பெரிய கூட்டம் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

இப்போது இரண்டாவது வாக்குக்குத் திரும்புவோம். 2014இல் ஹிண்ட்ஸ் மாவட்டக் கறுப்பின வாக்காளர் கையில் இருந்தது ஏறக்குறைய மெக்டொனால்ட் தீர்ப்பின் இரட்டை வாக்கு. ஜூனில் ஆதிக்கக் கட்சியின் வேட்பாளரைத் தீர்மானிக்க ஒன்று, நவம்பரில் தன் கட்சிக்குப் போட ஒன்று. அம்பேத்கர் எதிர்பார்த்தது அந்த இரண்டாவது வாக்கு எதிர்த்தரப்பு வேட்பாளரைப் பணியவைக்கும் என்று. மிசிசிப்பியில் பணியவைத்ததா?

கேட்டுப் பார்த்தார்கள். 2013 ஜூன் 25 அன்று உச்சநீதிமன்றம் ஷெல்பி மாவட்ட வழக்கில் வாக்குரிமைச் சட்டத்தின் முதுகெலும்பை உடைத்திருந்தது. எந்த மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றும் முன் மத்திய அனுமதி பெறவேண்டும் என்று சொல்லும் பிரிவு செல்லாது என்றது. காக்ரன் ஜெயித்ததும் மிசிசிப்பியின் கறுப்பினத் தலைவர்கள் பகிரங்கமாகவே கேட்டார்கள்: நாங்கள் உங்களைக் காப்பாற்றினோம், அந்தச் சட்டத்தை மீட்டுத் தரும் மசோதாவுக்கு நீங்கள் ஆதரவு தாருங்கள். சட்டம் மீளவில்லை. செனட்டில் அதற்கு முதலில் கைகொடுத்த குடியரசுக் கட்சிக்காரர் 2015இல் அலாஸ்காவின் லிசா முர்கோவ்ஸ்கி. காக்ரன் மறுபடி நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவராக ஆனார், பணம் கொண்டுவருவதைத் தொடர்ந்தார். பணம் வந்ததை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். உரிமை வரவில்லை.

எங்கள் கணிப்பு இது. தவறு தாண்டிப் போனதில் இல்லை. போகும்முன் பத்திரம் எழுதி வாங்காததில் இருக்கிறது. மூன்று வார அவகாசத்தில், வேறொருவர் பணத்தில், வேறொருவர் அழைப்பில் நடந்த ஒரு திரளலுக்குப் பேரம்பேசும் வாய் இருக்காது. தேர்தல் முடிந்த பிறகு கேட்ட கோரிக்கை நன்றியை எதிர்பார்க்கும் கோரிக்கை. ஃபேனி லூ ஹேமர் தலைமையில் போனவர்கள் இரண்டு இடத்தை மறுக்க முடிந்ததற்குக் காரணம், அவர்கள் போகும்போதே தங்கள் கட்சியைக் கட்டிக்கொண்டு போனதுதான். 2014இல் அப்படி ஒன்று கையில் இல்லை. இதைச் சொல்லும்போது இங்கே உள்ள இளம் தோழர்கள், அப்படியானால் வாக்குச் சாவடிக்கே போகாமல் இருந்திருக்கவேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. வீட்டிலிருந்த ஜூன் 3ஆம் தேதிக்கும் வரிசையில் நின்ற ஜூன் 24ஆம் தேதிக்கும் நடுவே அவர்கள் தங்கள் எண்ணிக்கையின் எடையைக் கண்டார்கள். மாநிலம் முழுவதும் கண்டது.

அந்த நவம்பரில் காக்ரன் சுமார் 60 விழுக்காட்டோடு ஜெயித்தார். 2018 ஏப்ரலில் உடல்நலம் குன்றிப் பதவி விலகினார். அந்த இடத்துக்கு ஆளுநர் நியமித்தவர் சிண்டி ஹைட் ஸ்மித். அதே ஆண்டு நவம்பரில் இடைத்தேர்தல். ஜனநாயகக் கட்சியின் சார்பில் மைக் எஸ்பி நின்றார். 1986இல் மறுசீரமைப்புக் காலத்துக்குப் பின் மிசிசிப்பியிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வான முதல் கறுப்பினத்தவர் அவர். மெக்டேனியலும் நின்று மூன்றாவதாக வந்தார். தன்னை ஆதரித்த ஒருவரைப் புகழும்போது ஹைட் ஸ்மித், அவர் பொதுவெளித் தூக்குக்கு அழைத்தால் நான் முன்வரிசையில் இருப்பேன் என்று மேடையில் சொன்னது வெளியே வந்தது. மரங்களில் மனிதர்களைத் தூக்கிலிட்ட மாநிலத்தில் சொன்ன சொல் அது. நவம்பர் 27இல் மறுசுற்று. இந்தமுறை கறுப்பின வாக்காளர்கள் தாண்டிப் போக எங்கும் இல்லை, தங்கள் சொந்த வேட்பாளர் இருந்தார். ஹிண்ட்ஸ் மாவட்டம் எஸ்பிக்குப் பெருவாரியாக வாக்களித்தது. அவர் மாநிலத்தில் 46 விழுக்காடு வாங்கினார். ஹைட் ஸ்மித் 54 விழுக்காட்டோடு, காக்ரன் 39 ஆண்டு வகித்த இடத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.